அச்சுக்கோப்பு மென்பொருளில் தமிழ் வாக்கிய மரம்

தமிழ் வாக்கிய அமைப்பைக் கணினியில் மர வரைபடமாகக் காட்டுவதில் இருந்த தடை கிளைகளில் அன்று, கணுக்களில் எழுதும் சொற்களில் என்பதே நம் கருத்து. தாய்க்கணுவைச் சேய்க்கணுக்களின் நடுவே நிறுத்தும் நெறியை ரெயின்கோல்டும் டில்ஃபோர்டும் 1981இலேயே செம்மைப்படுத்தினர். டொனால்டு கனூத் 1978இல் வெளியிட்ட டெக் அச்சுக்கோப்பு முறையோ உரோமன் எழுத்தை மனத்திற்கொண்டு எழுந்தது. அதில் தமிழைப் பெரும்பாலும் ஒலிபெயர்த்தே உள்ளிட வேண்டியிருந்தது. கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு மென்பொருள் தமிழ் வரிகளைக் கணினிக்குக் கொணர்ந்தது. அது சிறிய செயலன்று. ஆயினும் வரி வேறு, மரம் வேறு. கணுச்சொல்லின் அகலத்தை அளந்த பின்னரே கிளைகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் விரிக்க இயலும். 2004இல் ஜொனதன் கியூ அளித்த சீடெக், ஒருங்குறித் தமிழை நேரே ஏற்று அவ்வகலத்தை அளந்தது. ‘கண்ணன் பாடம் படித்தான்’ என்னும் மரத்தில் வினை இன்று தன் எழுத்திலேயே வலக்கோடியில் நிற்கிறது. கணுக்களுக்குப் பெயர்த்தொடர், வினைத்தொடர் எனத் தமிழ்ப்பெயர் இடாத ஆய்வேடு இனிக் கருவியைக் காரணம் காட்ட இயலாது.