கணினிக் குற்றமும் சமூகவியல் நோக்கும்: சரவணையை முன்னிறுத்திய ஒரு குறிப்பு

இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அதிகாரமின்றிக் கணினியுள் நுழைதலைத் தண்டனைக்குரியதாக்கியது. ஆயின், ஏமாற்றத்தின் சமூக அடிப்படையை விளக்குதல் சமூகவியலின் பணியாகும். குற்றத்தை நாடுபவன், தக்க இலக்கு, காவலின்மை ஆகிய மூன்றும் ஒருங்கே கூடுமிடத்துக் குற்றம் நிகழுமென அமெரிக்கச் சமூகவியலாளரான கோஹனும் பெல்சனும் 1979இல் எடுத்துரைத்தனர்.

வேலணைத் தீவின் சரவணை போன்ற ஊர்களிலே கொடுக்கல் வாங்கல்களுக்கு அயலவரும் சுற்றத்தாருமே சாட்சிகளாயினர், அச்சாட்சியே காவலுமாயிற்று. 1990களின் போர்க்கால இடப்பெயர்வும் புலப்பெயர்வும் அச்சுற்றத்தைக் கண்டங்கள்தோறும் சிதறடித்தன. இன்று உறவினர் பெயரிற் கைத்தொலைபேசிவழிப் பணங்கேட்கும் வஞ்சகன் புகுவது அவ்வெற்றிடத்திலேயாம். ஆதலின், ஏமாந்த முதியவரின் அறியாமையைப் பழித்தல் தீவகத்தின் வரலாற்றை மறத்தலாகும்.