கையைச் சொல்லும் பெயர்: சுருட்டு

கோயில் திருவிழாவுக்கென்று வெளிநாட்டிலிருந்து எங்கள் தீவூரான சரவணைக்கு வந்திருந்த மாமா, அப்புவின் கையில் கியூபாச் சுருட்டு ஒன்றை வைத்தார். மேலிலை எண்ணெய் தடவியதுபோல் மினுங்கிற்று. நடுவே பொன்னிறத் தாளில் ஒரு வளையம். அப்பு வளையத்தைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுச் சுருட்டின் இரு முனைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதுக்கு வாயெங்கை?" என்றார். அவர் பழகிய சுருட்டு இருபுறமும் நறுக்கித் திறந்தது. இதிலோ ஒரு முனை இலைத்துண்டால் மூடிக் கிடந்தது. மாமா வழி சொல்லுமுன் ஆச்சியின் வெற்றிலைத் தட்டத்திலிருந்த பாக்குவெட்டியால் அந்த முனையைச் சீவினார். உடனே பற்றவைக்கவில்லை. காதருகே பிடித்து விரல்களால் மெல்ல உருட்டினார். மூக்கின் கீழே நீளவாட்டில் ஒருமுறை இழுத்தார். தீயில்லாமல் வாயில் வைத்து வெறுங்காற்றை உறிஞ்சினார். பிறகுதான் தீக்குச்சி. நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பாதி எரிந்தபின் சொன்னார்: "சுத்தினவன் கைகாரன். இழுவை நல்லது. காரம் பிந்தித்தான் வருது, வந்தால் போகாது."

நான் அன்றும் இன்றும் புகைத்தவனல்லன். வாய்ப்புற்றுக்கும் தொண்டைப்புற்றுக்கும் புகையிலை வழி என்பதை அறிந்தவன். என் காதலெல்லாம் சொல்லோடுதான். ஆயினும் அப்பு சொன்ன ஒழுங்கு மனத்தில் நின்றுவிட்டது. இலைக்கு முன் கையை மதித்தார் அவர். 'சுருட்டு' என்னும் பெயரே அப்படி மதிப்பதுதான் என்பது, சொல்லை எடுத்துப் பிரித்துப் பார்த்த பின்னரே எனக்கு விளங்கிற்று.

சொல்லன்பரே, சற்று நிதானமாகப் பிரிப்போம். சுருள் என்பது தன்வினை. சுருட்டு என்பது அதன் பிறவினை. உருள் உருட்டு ஆவதும், திரள் திரட்டு ஆவதும், புரள் புரட்டு ஆவதும், மருள் மருட்டு ஆவதும் இந்த ஒரே தடத்தில்தான். தானே மடங்குவது சுருள். ஒருவர் மடக்க மடங்குவது சுருட்டு. வெயிலில் வாடும் இலை சுருள்கிறது, அதற்கு யாரும் வேண்டியதில்லை. ஆனால் பாயைச் சுருட்ட ஓர் ஆள் வேண்டும். திரட்டு என்னும் வினை திரட்டிய நூலுக்குப் பெயரானதுபோல, சுருட்டு என்னும் வினை சுருட்டிய பொருளுக்குத் தொழிலாகுபெயராய் நின்றது. பண்டத்தைச் சுட்டும் பெயர் பண்டத்தைச் செய்த கையையும் தனக்குள் வைத்துக்கொண்டது. இந்தப் புகைப்பொருளுக்குச் 'சுருள்' என்று பெயரிட்டிருந்தாலும் வடிவம் விளங்கியிருக்கும். ஆனால் சுற்றியவன் மறைந்துபோயிருப்பான். ஒரு ளகரத்துக்கும் ஒரு டகர இரட்டிப்புக்கும் இடையில் ஒரு தொழிலாளியின் முழுக் கையும் நிற்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பு.

இதன் சுற்றம் பெரியது. சங்கின் முறுக்கையும் மகளிர் கூந்தலின் வளைவையும் சொன்ன 'சுரி' இதற்கு மூத்த உறவு. சுருட்டை முடி, சுருட்டை விரியன், ஓலைச் சுருணை, சுவாமி வீதிவலம் வரும்போது ஆலவட்டத்தோடு தூக்கிச் செல்லும் சுருட்டி எல்லாம் ஒரு குடும்பம். வெற்றிலையை மடித்துக் கொடுப்பதைச் சுருள் என்பர். தமிழகத்தின் தென்பகுதியில் அந்தச் சுருளோடு வைத்துத் தரும் மொய்ப்பணத்துக்கும் அதே பெயர். பீடியின் வரலாறும் இங்கேதான் வந்து முட்டுகிறது. வடமொழியில் வீடிகா என்பது வெற்றிலைச் சுருள். அதிலிருந்து பீடாவும் பீடியும் பிறந்தன. இலையை மடித்து வாயில் வைக்கும் பழக்கம் நம் நாட்டில் புகையிலைக்கு மிக முந்தியது. புதிய இலை வந்தபோது கைக்கும் சொல்லுக்கும் பயிற்சி ஏற்கெனவே இருந்தது.

ஒலியையும் கேளுங்கள். 'சுரு' என்னும்போது இதழ் குவிகிறது; 'ட்டு' என்னும்போது நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொட்டு நின்று மீள்கிறது. சொல்லைச் சொல்வதற்கே நா ஒருமுறை சுருண்டாக வேண்டும். இப்படிப் பொருளைத் தன் உடம்பால் நடித்துக்காட்டும் சொற்கள் எந்த மொழிக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

இலையோ நம்முடையதன்று. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. போர்த்துக்கீசர் கப்பல்களோடு நம் கரைகளுக்கு வந்தது. அதே கப்பல்கள் கொண்டுவந்த பலவற்றை நாம் அவர்கள் பெயராலேயே ஏற்றுக்கொண்டோம். அன்னாசி அவர்கள் சொல். யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் நாம் அமரும் கதிரையும், காலையில் தின்னும் பாணும், காலில் மாட்டும் சப்பாத்தும், துணி அடுக்கும் அலுமாரியும் அவர்கள் விட்டுப்போனவை. எங்கள் தீவின் துறையான ஊர்காவற்றுறைக்கு வழங்கும் 'கயிற்ஸ்' என்னும் மறுபெயரும் கப்பல்துறையைக் குறிக்கும் அவர்கள் சொல்லிலிருந்து வந்ததே. ஆனால் மூன்று பொருள்களுக்குத் தமிழ் தன் பழஞ்சொற்களைத் தொட்டுப் புதுப்பெயர் செய்துகொண்டது: மிளகைத் தொட்டு மிளகாய், புகையைத் தொட்டுப் புகையிலை, சுருளைத் தொட்டுச் சுருட்டு. மூன்றும் நாவைச் சுடுபவை என்பதை வாசகர் கவனித்திருப்பீர்கள்.

புகையிலை என்னும் தொடர் தென்னாடு முழுவதற்கும் பொது. தெலுங்கர் பொகாகு என்றும், கன்னடர் ஹொகெசொப்பு என்றும், சிங்களவர் தும்கொள என்றும், அவரவர் மொழியில் புகையையும் இலையையும் சேர்த்தே பெயரிட்டனர். எங்கள் பேச்சில் அது பொயிலை. புடவை பொடவையாகும் அதே வழியில் உகரம் ஒகரமாகி, இடையிலே ககரம் தேய்ந்த உருவம். யாழ்ப்பாணத்துப் பொயிலையை 19ஆம் நூற்றாண்டில் பெருமளவு வாங்கிய திருவிதாங்கூர் அதை மென்றது; புகையே எழாத வாயிலும் அது புகையிலையாகவே இருந்தது. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையைத் தூதனுப்பிய நூலை உ.வே.சாமிநாதையர் பதிப்பித்திருக்கிறார், அன்னமும் கிளியும் போன பாதையில் இந்த வந்தேறி இலையும் நடந்துவிட்டது.

இனி, நம் சொல் கடல் கடந்த கதை. கேரளக் கரையில் அது 'ச்சுருட்டு' என்று வல்லொலியோடு தொடங்கும். போர்த்துக்கீசர் காதில் விழுந்ததும் அந்த ஒலிதான். அவர்கள் அதை 'சருத்து' என்று எடுத்துக்கொண்டனர். முதல் உகரம் அகரமாயிற்று. நா வளையாத அவர்கள் வாயில் டகரம் தகரமாயிற்று. சொல்லுக்குள்ளிருந்த சுருள் அவிழ்ந்தது அங்கேதான். 1670களில் வங்கக் கடலோரத் துறைகளில் திரிந்த தாமஸ் பௌரி என்னும் ஆங்கில மாலுமி, இந்நாட்டு ஏழைமக்கள் வெறும் இலையைச் சுருட்டி ஒரு முனையில் தீயிட்டு மறுமுனையை இதழிடைக் கவ்விப் புகைப்பதைக் கண்டெழுதி, அதைப் போர்த்துக்கீசர் 'செரூட்டா' என்கின்றனர் என்று குறித்தார். ஆங்கிலத்தின் 'செரூட்' இப்படி இரண்டாங்கையாகத்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி அதன் வேர் தமிழ் என்பதைத் தெளிவாகவே பதிந்தது. மலாய் மொழியில் அது 'செருத்து', சிங்களத்தில் 'சுருட்டுவ'. தீவகத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் தென்னிலங்கை ஊர்களில் நடத்திய சுருட்டுக்கடைகள் சரக்கோடு சொல்லையும் சேர்த்தே விற்றன.

இவ்விடத்தில் எங்கள் தீவின் மகன் ஒருவரைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. சரவணை இருக்கும் இதே தீவில், கரம்பனில், 1913இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். அந்தாம் தெ புரோயென்சா என்னும் பாதிரியார் தொகுத்து 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு உலகுக்கு அறிவித்தவர் அவர். 1966இல் அது கோலாலம்பூரில் மறுபதிப்பாயிற்று. பௌரி தம் குறிப்பை எழுதிய அதே பத்தாண்டில், இரு மொழியையும் எதிரெதிரே நிறுத்திய ஒரு சொற்பட்டியல் அச்சாகியிருக்கிறது. போர்த்துக்கீசர் நம்மிடமிருந்து சொல் கற்ற காலத்தின் சாட்சியைப் போர்த்துக்கீசப் பெயர் தாங்கிய ஒரு துறையின் அயலில் பிறந்தவரே தேடிக் கொணர்ந்தார்.

ஆங்கிலேயர் பின்னாளில் ஊர்ப்பெயர்களையும் சுருட்டின்மேல் ஏற்றினர். உறையூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் சுற்றிய சுருட்டு அவர்கள் வாயில் வெறும் 'டிரிச்சினாப்பொலி' ஆயிற்று. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் துப்பறிவாளர் அதன் சாம்பலைப் பார்த்தே இனங்காண்கிறார். அடுத்த கதையில் 'லங்கா' என்றொரு இந்தியச் சுருட்டு வருகிறது. அதற்கும் இலங்கைக்கும் தொடர்பில்லை. தெலுங்கில் லங்க என்றால் ஆற்றிடைக்குறை. கோதாவரியின் திட்டுகளில் விளைந்த புகையிலையால் ஆனது அந்தச் சுருட்டு. தீவில் பிறந்த எனக்கு, தீவு என்னும் சொல்லே ஒரு சுருட்டின் பெயரானதைப் படித்தபோது உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

வெளியே இத்தனை பயணம் செய்த சொல், வீட்டுக்குள் தன் வினையை இழந்துவிட்டது. எங்கள் ஊரில் யாரும் 'சுருட்டைச் சுருட்டினான்' என்பதில்லை. சுருட்டுச் சுத்துதல் என்போம். பெயராய் உறைந்துபோன வினை மறுபடி வினையாக மறுக்க, சுற்று என்பது அந்த இடத்துக்கு வந்தது. சுருட்டு என்னும் வினைக்கு வேறு வேலைகள் மிஞ்சின: பாயைச் சுருட்டுவது, வாலைச் சுருட்டுவது, பிறர் காசைச் சுருட்டுவது. புகைப்பதை 'சுருட்டுப் பத்துறது' என்போம். பற்று என்னும் சொல்லின் தீயும் பிடிப்பும் இரண்டும் அதில் உண்டு. பாதியில் அணைத்துக் காதிலோ கிடுகுக் கூரையின் இடுக்கிலோ செருகி வைத்தது குறைச்சுருட்டு. சுற்றும் இடம் சுருட்டுக் கொட்டில். அங்கே பலர் வரிசையாய் அமர்ந்து நரம்பகற்றிய இலையை விரித்து, உள்ளிலை வைத்துச் சுற்ற, ஒருவர் செய்தித்தாளையும் கதைகளையும் உரக்க வாசிப்பார். கியூபாவின் சுருட்டுச் சாலைகளிலும் இதே வழக்கம் உண்டு. அப்பு மெச்சிய அந்தக் 'கைகாரன்' வேலை செய்யும்போது அவன் காதிலும் ஏதோ ஒரு கதை விழுந்திருக்கும்.

இப்போது அவர் சொன்ன காரத்துக்கு வருவோம். சுருட்டை மதிப்பிடும் மேலைநாட்டார், நிறைந்த சுவையுள்ளதை உடல்வாய்ந்தது என்பர். தமிழ் அதற்கு உடம்பைத் தேடவில்லை. அறுசுவையிலேயே இடம் கொடுத்தது. காரம் என்பதில் இரு சொற்கள் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, கார்த்தல், கார்ப்பு என்னும் நம் சொல். நாவைக் குத்தும் சுவை. மற்றொன்று வடமொழி 'க்ஷார' என்பதன் தமிழ் உருவம். சாம்பலிலிருந்து எடுக்கும் உப்பு, வெண்காரம், சவுக்காரம் ஆகியவற்றில் இருப்பது. பாடநூல்கள் அமிலத்துக்கு எதிராக வைக்கும் காரமும் இதுவே. தமிழகத்தார் மிளகாய்க்கும் காரம் என்பர். நாங்கள் கறிக்கு உறைப்பு என்றுதான் சொல்வோம். 'உறைப்புக் காணாது' என்றால் மிளகாய்த்தூள் போதவில்லை. எனவே எங்கள் காதில் காரம் என்பது சற்று ஒதுங்கி, சவுக்காரத்துக்கும் சுருட்டுக்கும் உரியதாய் நிற்கிறது.

அந்த ஒதுக்கம் பொருத்தமானது. சிகரெட்டுப் புகை பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. அதன் நிக்கொட்டினைப் பெற நெஞ்சுக்குள் இழுக்க வேண்டும். சர்க்கரை குன்றும்படி பதப்படுத்திப் புளிக்கவைத்த சுருட்டிலையின் புகையோ காரத்தன்மை உடையது. நிக்கொட்டின் வாயின் உட்தோலிலேயே ஊறி இறங்கிவிடும். அப்பு புகையை விழுங்காமல் வாயிலேயே அளைந்து வெளிவிட்டதன் காரணம் அதுதான். வேதியியலார் சொல்லும் காரமும் நாக்கு சொல்லும் காரமும், இரு வேர்ச்சொற்களாய்ப் பிறந்து ஓருருவாய் நம் மொழியில் கலந்தவை, ஒரே சுருட்டின் புகையிலே பொருளாலும் ஒன்றாகின்றன. பிந்தி வருவதற்கும் நியாயம் உண்டு: எரியும் முனை வாயை நெருங்க நெருங்க, முன்னே கடந்த புகை மிச்சமுள்ள இலையில் படிந்து படிந்து அதைக் கனக்கச் செய்கிறது. 'காட்டம்' என்றும் சிலர் சொல்வர். என் காதுக்குக் காட்டம் மூக்கில் ஏறுவது, காரம் நாவில் தங்குவது. அப்பு தங்குவதைத்தான் சொன்னார்.

கடைசியாக ஒன்று. போர்த்துக்கீசர் எடுத்துப்போன சொல் அட்லாண்டிக்கைக் கடந்து பிரேசிலிலும் குடியேறிற்று. புகையிலைச் செடி பிறந்த கண்டத்துக்கே அதன் தமிழ்ப்பெயர் போய்ச் சேர்ந்தது. இன்று அவர்கள் வாயில் அது 'ஷருத்து'. லெபனானிலிருந்து அங்கே குடியேறிய குடும்பங்கள் கொடிமுந்திரி இலையிலோ கோவா இலையிலோ சோறும் கொத்திறைச்சியும் வைத்து, விரலளவாய் இறுக்கிச் சுற்றிச் சட்டியில் அடுக்கி வேகவைக்கும் ஓர் உணவுண்டு. பிரேசிலார் அதையும் ஷருத்து என்றே அழைக்கின்றனர். புகையுமில்லை, பொயிலையுமில்லை. ஓர் இலையை விரித்து, உள்ளே வைப்பதை வைத்து, விளிம்பை மடக்கி, யாரோ ஒருவர் கையால் சுருட்டுகிறார்.