வெள்ளைக்கு எதிர் எது?

ஆங்கிலத்தில் ‘வைட்’ என்றால் எதிர்ச்சொல் ‘பிளாக்’ என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்கிறோம். ஆங்கிலேயர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பாடம் செல்லாது. ஒயினில் வெள்ளைக்கு எதிர் சிவப்பு. ரொட்டியிலும் அரிசியிலும் பழுப்பு. மிளகில் கறுப்புதான், ஆனால் அங்கே இரண்டும் ஒரே கொடியில் காய்ப்பவை. பழுக்குமுன் பறித்து உலர்த்தினால் கருமிளகு, பழுத்ததை ஊறவைத்துத் தோலை நீக்கினால் வெண்மிளகு. எழுந்து வேலைக்குப் போனாலோ, வெள்ளைக் காலருக்கு எதிரே நிற்பது நீலக் காலர்.

இவற்றில் பலவற்றில் வெள்ளை வெள்ளையாகவே இல்லை. வெள்ளை ஒயின் என்பது இளமஞ்சள் நீர். ஆகவே இந்தச் சொல் நிறத்தைச் சொல்வதைவிட ஒரு தரப்பைச் சொல்கிறது என்றே கொள்ள வேண்டும். எதிர்த்தரப்பு எது என்பதை அகராதி முடிவு செய்வதில்லை, பிரிக்க நினைக்கிறவர் முடிவு செய்கிறார். இடைக்கால லண்டனில் வெள்ளை ரொட்டி சுடுகிறவர்களும் பழுப்பு ரொட்டி சுடுகிறவர்களும் தனித்தனிச் சங்கம் வைத்திருந்தார்கள். தவிடு நீங்கச் சலித்த மாவு காசுள்ளவருக்கு, தவிட்டோடு கூடியது இல்லாதவருக்கு. அந்த எதிர்ச்சொல்லுக்குள் அன்றைய வர்க்க பேதம் முழுவதும் இருந்தது.

‘பிளாக்’ என்ற சொல்லின் பிறப்பு இன்னும் வியப்பானது. பழைய ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒரே ஒலியில் இரண்டு சொற்கள் இருந்தன. உயிரொலி குறிலாக வந்தால் கறுப்பு. நெடிலாக வந்தால் வெளிறியது, ஒளிர்வது. பிற்காலக் கையெழுத்துப் பிரதிகளில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோய், சில இடங்களில் எழுதியவர் கருமையைச் சொன்னாரா வெளிறலைச் சொன்னாரா என்று அறிஞர்கள் இன்றும் தடுமாறுகிறார்கள். இரண்டுக்கும் வேர் ‘எரிதல்’, ‘சுடர்தல்’ என்ற பொருள் கொண்ட மிகப் பழைய அடிச்சொல் என்பது மொழியியலார் பெரும்பாலோர் கருத்து. எரிகிற தீ ஒளிரும், எரிந்து முடிந்தது கரியாகும். வெளுக்க வைக்கும் ‘ப்ளீச்’, எழுதாத தாளைக் குறிக்கும் ‘பிளாங்க்’, பிரெஞ்சில் வெள்ளைக்குப் பெயரான ‘ப்ளாங்’ எல்லாம் அந்த வேரைச் சேர்ந்தவையே. எதிரிகளாக நாம் நிறுத்திவைத்திருக்கும் இரு நிறங்களின் பெயர்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

கறுப்பு எப்போதும் வெள்ளைக்கு முதல் எதிரியாக இருந்ததும் இல்லை. 1831-இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தந்தத்தில் செதுக்கிய சதுரங்கக் காய்கள் கிடைத்தன. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கண்டெடுத்தபோது சில காய்களில் செந்நிறச் சாயம் இருந்தது. அதாவது வெள்ளைப் படைக்கு எதிரே நின்றது சிவப்புப் படை. நிறங்களின் வரலாற்றை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் மிஷேல் பஸ்தூரோ இதை அழகாக விளக்குகிறார்: அன்றைய ஐரோப்பியருக்குச் சாயமேற்றாத துணி வெள்ளை, சாயமேற்றியது சிவப்பு. கறுப்பு இருளுக்கும் அழுக்குக்கும் உரியது. பிற்பட்ட இடைக்காலத்தில் பலகையில் கறுப்பு இடம்பிடித்தது. 1450-களில் கூட்டன்பர்க் அச்சு வந்து, வெள்ளைத் தாளும் கறுப்பு மையும் நாடெங்கும் பரவியபின் அந்த இணை அசைக்க முடியாததாயிற்று.

ரொட்டியிலும் பலகையிலும் இது நடந்தவரை யாருக்கும் பெரிய கேடில்லை. மனிதரைப் பிரிக்க இச்சொல்லை எடுத்த கதை வேறு. அது எந்தச் சட்டத்தில், எந்த ஆண்டில் நுழைந்தது என்று காட்ட முடிகிறது என்பதாலேயே அதை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் வெர்ஜீனியா அன்று ஆங்கிலேயக் குடியேற்றம். அங்கே 1662-இல் வந்த சட்டம், மணமாகாமல் நீக்ரோவோடு கூடுகிறவருக்கு இரட்டை அபராதம் விதித்தது. குற்றவாளியாக அது குறித்தது வெள்ளையரை அல்ல, ‘கிறிஸ்தவரை’. நீக்ரோவுக்கு எதிர்ச்சொல் அன்று மதத்தின் பெயர். ஆனால் அடிமைகளும் ஞானஸ்நானம் பெறத் தொடங்கினார்கள். கிறிஸ்தவனை அடிமையாக வைத்திருக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. 1667-இல் சட்டமன்றம் பதில் சொன்னது: ஞானஸ்நானம் அடிமைத்தனத்தை மாற்றாது. அதன்பின் ‘கிறிஸ்தவர்’ என்ற சொல் ஆண்டானையும் அடிமையையும் பிரிக்க உதவாமல் போயிற்று. 1691-இல் கலப்பு மணத்தைத் தடுக்க வந்த சட்டத்தில், ‘ஆங்கிலேயர் அல்லது பிற வெள்ளையர்’ என்ற பிரிவு வந்து நிற்கிறது. மதம் மாறலாம், தோல் மாறாது. அதற்காகவே அந்தச் சொல் தேவைப்பட்டது.

தென்னாப்பிரிக்காவில் இது கடைசி எல்லைவரை போனது. அங்கே வெள்ளையருக்கு ஆப்பிரிகான்ஸ் மொழிப் பெயர் ‘பிளாங்க்’. ‘பிளாக்’ பிறந்த அதே வேரில் பிறந்த சொல். இருக்கைகளிலும் கடற்கரைகளிலும் ‘பிளாங்கஸ்’, ‘நீ-பிளாங்கஸ்’ என்று பலகைகள் தொங்கின. வெள்ளையர், வெள்ளையரல்லாதோர். அந்தப் பலகைகளில் எதிர்ப்பக்கத்தவருக்குச் சொந்தப் பெயரே இல்லை, ‘அல்லாதோர்’ மட்டுமே. 1950-இன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம், தோற்றத்தையும் ஊரார் ஏற்பையும் வைத்து யார் வெள்ளையர் என்று முடிவு செய்யச் சொன்னது. ஐயம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்தார்கள். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் வெவ்வேறு இனமாகப் பதிவானதுண்டு.

அந்த ‘அல்லாதோர்’ கூட்டத்தில் நம்மவரும் இருந்தார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் டர்பனில் இறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தவர்கள். கரும்புத் தோட்டத்தில் உழைத்து, கோயில் கட்டி, தமிழ்ப்பள்ளி நடத்தி, நான்கு தலைமுறைக்குப் பின்னும் அந்தப் பலகைகளில் அவர்கள் இன்னாரல்லாதோர்.

இதை உடைத்தவர்கள் மாணவர்கள். ஸ்டீவ் பிக்கோவும் தோழர்களும் 1969-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பு, ‘வெள்ளையரல்லாதோர்’ என்ற சொல்லைக் கைவிட்டுக் ‘கறுப்பர்’ என்பதை ஏற்றது. ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர் என ஒடுக்கப்பட்ட எல்லாரும் கறுப்பர். டர்பன் இந்தியரான ஸ்ட்ரினி மூட்லியும் சாத்ஸ் கூப்பரும் அந்தப் பெயரை விரும்பித் தாங்கினார்கள். அந்த இயக்கத்துக்காக 1976-இல் தண்டனை பெற்று ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். மறு ஆண்டு செப்டம்பரில் பிக்கோ போலீஸ் காவலில் இறந்தார். பதிவுச் சட்டம் நீங்கியது 1991-இல்.