ஹம்பியில் தண்ணீர் வந்த வழி, போன வழி

மைசூர், கொள்ளேகாலம், ஹனூர் பக்கத்து அங்கத்தினர்கள் ஹம்பிக்குச் சென்று வருவதுண்டு. விரூபாக்ஷரைத் தரிசித்து, விட்டலர் கோயில் கல் ரதத்தின் முன் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அவ்வளவு பெரிய நகரத்து ஜனங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, உபயோகித்த நீர் எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

1336 முதல் 1565 வரை விஜயநகரத்தின் தலைநகராக விளங்கிய ஊர் அது. மழை குறைவு; எங்கு பார்த்தாலும் பாறை. துங்கபத்திரை பக்கத்தில் ஓடினாலும் அரண்மனைப் பகுதி ஆற்றை விட்டுத் தள்ளியே இருக்கிறது. ஆகவே ஆற்றில் அணைகள் கட்டிக் கால்வாய்கள் வெட்டினார்கள். கமலாபுரம் ஏரியில் நீரைத் தேக்கினார்கள். கல் தூண்களின் மேல் கல்லாலேயே வாய்க்கால் அமைத்து அரண்மனைக்குள் நீரைக் கொண்டுவந்தார்கள். 1980களில் அகழ்ந்தெடுத்த ஐந்து அடுக்குப் படிக்குளத்துக்கும் இவ்வாறே நீர் வந்தது. அதன் கருங்கற்களில், எந்தக் கல் எந்த இடத்தில் பொருந்தும் என்று சிற்பிகள் இட்ட அடையாளங்களை இன்றும் காணலாம்.

போஜன சாலை எனப்படும் இடத்தில் ஒரு நீண்ட வாய்க்கால். அதன் இரு கரையிலும் வரிசையாகக் கல்லில் குடைந்த இலைகள், கறி வகைகளுக்குத் தனித்தனிக் குழிகளுடன்! சாப்பிட்ட இடத்தை உடனே அலம்பிவிடும் வசதியும் இதில் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. எச்சில், பத்து பார்க்கும் நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

1520 வாக்கில் வந்த போர்ச்சுகீசியர் டோமிங்கோ பயஸ், கிருஷ்ணதேவராயர் ஏரி வெட்டியதை நேரில் கண்டார். பதினைந்து, இருபதாயிரம் பேர் எறும்புகளைப் போல் வேலை செய்ததாக எழுதியிருக்கிறார். ராயரின் பெயர் நமக்குத் தெரியும். மண் சுமந்த ஒருவர் பெயராவது தெரியுமா?

1565 தலைக்கோட்டை யுத்தத்துக்குப் பின் நகரம் பாழாயிற்று. அரண்மனைகளில் அடித்தளமே மிஞ்சியது. ஆனால் துருத்துக் கால்வாயில் இன்றும் தண்ணீர் ஓடி, வாழையும் நெல்லும் விளைகின்றன. காரணம் எளிது. அரண்மனை ராஜாவுக்கு வேண்டியிருந்தது. கால்வாய் குடியானவனுக்கு வேண்டியிருந்தது. அவன் அதைக் கைவிடவில்லை.

குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் பிளாட்டுகளில் நம்மில் பலர் இருக்கிறோம். அந்த நீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது, நம் வீட்டுக் கழிவு எந்த ஏரியில் போய் விழுகிறது, அதைச் சுத்தம் செய்கிறவர் யார்? ஆசாரம் பார்க்கும் நாம் நம் வாசற்படிக்கு அப்பாலும் அதைப் பார்க்க வேண்டாமா?