மாதவிடாய் நின்ற பின் பெண்களின் இதயமும் உடற்பயிற்சியும்

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் இரத்தக் குழாய்கள் முன்னிலும் விரைவாக இறுகுகின்றன. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது குழாயின் உட்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடும் குறைவதால், தேவைக்கேற்ப விரிந்துகொடுக்கும் திறன் குன்றுகிறது. கெட்ட கொழுப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. பெண்களுக்கு மாரடைப்பு ஆண்களைவிட ஏறத்தாழ பத்து ஆண்டு பிந்தி வருவதால் அதை ஆண்களின் நோயாகவே மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதியது. பயிற்சி ஆய்வுகளும் பெரும்பாலும் ஆண்களை வைத்தே நடந்தன. அவற்றின் முடிவுகளை முதிய பெண்களுக்கு அப்படியே பொருத்துவது தவறு.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்ட முடிவு இதற்கு முதன்மையான சான்று. அறுபதுகளில் இருந்த ஆண்களும் பெண்களும் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவாகப் பயிற்சி பெற்றனர். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் இரு சாராருக்கும் ஏறத்தாழ 20 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் உயர்ந்த வழி வேறு. ஆண்களில் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடியதே பெரும்பங்கு. பெண்களில் அந்த அளவு கூடவில்லை. தசைகள் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இன்னும் நன்றாக உறிஞ்சக் கற்றதே முழுக் காரணம். இரத்தக் குழாய்களிலும் இத்தகைய வேறுபாடு தென்படுகிறது. விறுவிறுப்பான நடை முதிய ஆண்களின் குழாய் விரியும் திறனை மேம்படுத்துகிறது. ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை பெறாத பெண்களிடம் அந்த மேம்பாடு தெளிவாகக் காணப்படவில்லை.

எனவே பயன் எங்கே விளைகிறதோ அங்கே அளக்க வேண்டும். 2007இல் வெளியான ‘ட்ரூ’ ஆய்வில், உடலுழைப்பற்ற, அதிக எடையும் உயர்ந்த இரத்த அழுத்தமும் கொண்ட 464 பெண்கள் பங்கேற்றனர். பயிற்சி பெறாத ஒரு குழுவோடு, பரிந்துரைக்கப்பட்ட அளவில் பாதி, முழுமை, ஒன்றரை மடங்கு எனப் பயிற்சி பெற்ற மூன்று குழுக்கள் ஆறு மாதம் ஒப்பிடப்பட்டன. ஆக்சிஜன் திறன் முறையே 4.2, 6.0, 8.2 விழுக்காடு உயர்ந்தது. வாரத்துக்குச் சுமார் 72 நிமிடமே பயிற்சி செய்தவர்களும் பயனடைந்தனர். இரத்த அழுத்தமோ குறிப்பிடத்தக்க அளவு இறங்கவில்லை. அழுத்தமானியையும் எடைக் கருவியையும் மட்டும் நம்பும் மருத்துவர் இந்தப் பெண்களிடம் பயிற்சி பலிக்கவில்லை என்றே முடிவுகட்டுவார். அது பெரும் அநீதி. ஏனெனில் ஆயுளை முன்கணிப்பதில் இந்த ஆக்சிஜன் திறன் மிக வலுவான குறியீடுகளுள் ஒன்று.

சிறிய அளவும் பயன் தரும் என்பதை, பயிற்சி அளிக்காமல் கவனித்து மட்டும் பதியும் நோக்காய்வுகளும் காட்டுகின்றன. 2019இல் வெளியான ஆய்வு, சராசரி வயது 72 ஆன 16,741 பெண்களின் காலடிகளைக் கருவி கொண்டு கணக்கிட்டது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு வீதம் 41 விழுக்காடு குறைவு. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் இல்லை. பலரை மலைக்க வைக்கும் பத்தாயிரம் அடி இலக்கு, 1960களில் ஜப்பானில் விற்ற அடியெண்ணும் கருவியின் விற்பனையோடு பரவியதே. நலமாக இருப்பவர்களே அதிகம் நடப்பார்கள் என்ற ஐயம் நியாயமானது. நோக்காய்வு மட்டுமே காரணத்தை நிறுவிவிடாது. எனினும் ‘ட்ரூ’ போன்ற, குலுக்கல் முறையில் குழு பிரித்த ஆய்வும் அதே திசையைக் காட்டுவதால் அந்த ஐயத்தின் வலு குறைகிறது.

மருத்துவர்கள் பெரும்பாலும் நடையோடு நிறுத்திவிடுகிறார்கள்; தசைப் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். இதயம் நன்றாகச் சுருங்கினாலும் விரிந்து இரத்தத்தை ஏற்க முடியாமல் இறுகிவிடும் வகை இதயச் செயலிழப்பு முதிய பெண்களிடையே மிகுதி. இந்நோயாளிகளுக்குப் பயிற்சியால் கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி தசைகளிலிருந்தே வருகிறது. தசை நலிந்தால் ஆக்சிஜனை உறிஞ்ச இடமிராது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் 65 வயதைக் கடந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, தசை வலுவூட்டும் பயிற்சியை இரண்டு நாளாவதும், சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சியை மூன்று நாளாவதும் செய்யச் சொல்கிறது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பலமுறை எழுவதும், சுவரில் கைவைத்துத் தள்ளுவதும் வீட்டிலேயே செய்யக்கூடியவை. மார்புவலியோ மூச்சுத்திணறலோ உள்ளவர்கள் பரிசோதனைக்குப் பின் தொடங்க வேண்டும்.