எண்ணிக்கையில் வராதவர்கள்: பாம்பன்–தனுஷ்கோடி ரயிலும் பயணச்சீட்டின் அதிகாரமும்

1964 டிசம்பர் 22 இரவு 11.55 மணிக்குப் பாம்பனை விட்டுக் கிளம்பிய 653ஆம் எண் பயணிகள் ரயில் தனுஷ்கோடிக்குப் போய்ச் சேரவில்லை. ஆறு பெட்டிகள். நிலையத்துக்குச் சற்று முன்னால் சிக்னல் கிடைக்காமல் நின்ற ரயிலை, ஓட்டுநர் நீண்ட விசில் கொடுத்து மெல்ல நகர்த்தினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விவரம். புயலில் எழுந்த பேரலை ரயிலை முழுதாக அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. மாண்டவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அன்றிலிருந்து இரண்டு எண்கள் வழங்கிவருகின்றன. பயணிகள் 110, ரயில்வே ஊழியர்கள் 5, ஆக 115 என்பது ஏட்டில் ஏறிய எண். பாம்பனில் அன்றிரவு விற்ற சீட்டுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. பலர் சீட்டு எடுக்காமல் ஏறியிருந்தார்கள், ஆகவே 200 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது மற்றது.

சீட்டில்லாப் பயணத்தின் விளைவு என்றதும் அபராதமும் கோர்ட்டும்தான் நினைவுக்கு வரும். ராமநாதபுரம் கடற்கரையின் ரயில் வரலாற்றை வைத்துப் பார்த்தால் அதைவிடக் கனமான விளைவு ஒன்று உண்டு: சீட்டு இல்லாதவர் அரசின் எண்ணிக்கையிலிருந்தே விழுந்துவிடுகிறார். கட்டணம் வசூலிக்கும் கருவியாகப் பிறந்த சீட்டு, ஆள் இருந்தார் என்பதற்கான சாட்சியாகவும் ஆக்கப்பட்டது ஒரு பிழை. சட்டம் அதை இன்னும் முழுமையாகத் திருத்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த இரண்டு எண்களை எடுத்துக்கொள்வோம். அன்று புழக்கத்தில் இருந்தது அட்டை டிக்கெட். ஊருக்கு ஒரு கட்டு, ஒவ்வொரு அட்டையிலும் வரிசை எண். தேதி முத்திரை குத்தி ஜன்னல் வழியே நீட்டுவார்கள். தொடக்க எண்ணை முடிவு எண்ணிலிருந்து கழித்தால் விற்பனை தெரிந்துவிடும். பெட்டியில் சேர்ந்த காசு சரிதானா என்று பார்ப்பதற்காக உருவான முறை இது. பெட்டிக்குள் எத்தனை உயிர் இருந்தது என்ற கேள்விக்கு இதனால் விடை சொல்ல முடியாது. தாயின் மடியில் இருந்த கைக்குழந்தைக்குச் சீட்டு வேண்டியதில்லை. ரயில்வே பாஸில் வருபவர் ஜன்னலுக்கே போக மாட்டார். மதுரையிலோ ராமநாதபுரத்திலோ தனுஷ்கோடி வரைக்கும் சீட்டு எடுத்துவிட்டுப் பாம்பனில் வண்டி மாறுகிறவர் பாம்பன் கணக்கில் வரமாட்டார். போக–வரச் சீட்டின் மறுபாதியோடு திரும்புகிறவரும் அப்படித்தான். இவர்களில் எவரும் குற்றம் செய்தவர் அல்லர். ஆனால் 115க்கும் 200க்கும் இடையிலான இடைவெளி முழுவதும் ‘வித்தவுட்’ ஆசாமிகளின் தலையில் ஏற்றப்பட்டுவிட்டது. கணக்கிடும் முறையில் இருந்த ஓட்டைக்குச் செத்தவர்களின் நாணயம் விலையாகப் போனது. அறுபது ஆண்டுகளாக எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பி எழுதுகிறார்கள். ஒருவரேனும் நின்று யோசித்திருக்கலாம்.

இதே தடத்தில் நேர் எதிரான அனுபவமும் உண்டு. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில் என்று வழி ஒன்றானபோது, இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களும் அதில் ஏறினார்கள். அவர்கள் காசு கொடுத்துச் சீட்டு வாங்கவில்லை. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தின் ஏற்பாட்டில், எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்பதைக் காட்டும் எண் பொறித்த தகர வில்லை ஒன்று ஆளுக்கு ஆள் தரப்பட்டது. மண்டபம் முகாமில் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். வழிச்செலவு தோட்டத்தின் பற்றில் ஏறியது. பல இடங்களில் அது ஆள் திரட்டிய கங்காணி வழியாகத் தொழிலாளியின் கடனாக இறங்கியது. கையில் காசில்லாமல் பயணம் செய்த இவர்களில் ஒருவர்கூட எண்ணிக்கையிலிருந்து தவறவில்லை. கடன்காரரை எண்ணுவதில் எந்த நிர்வாகமும் அசட்டையாக இருப்பதில்லை.

மூன்றாவது வகை சாமியார்கள். ராமேசுவரத்துக்குச் சீட்டில்லாமல் போகும் காவித் துணி இன்றைக்கும் புதிதல்ல. பின்னாளில் காஞ்ஞங்காட்டில் ஆனந்தாசிரமம் நிறுவிய சுவாமி ராமதாஸ், 1922 இறுதியில் மங்களூரிலிருந்து துறவியாகக் கிளம்பி, ராமேசுவரம் உட்படத் தெற்கின் தலங்களைச் சுற்றினார். டிக்கெட் பரிசோதகர்கள் தம்மை இறக்கிவிட்டதையும், மறுபடி ஏற்றிக்கொண்டதையும் தம் நூலில் மனத்தாங்கல் இல்லாமல் எழுதியிருக்கிறார். இறக்கிவிட்டவரும் அவருக்கு ராமன்தான். பக்தி இலக்கியமாக அதைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பிரிட்டிஷ் காலத்து ரயில்வேயில், 1890ஆம் ஆண்டுச் சட்டம் கையில் இருந்தும், பரிசோதகர் பிளாட்பாரத்தில் தன் விருப்பப்படி ஒரு நீதிபதியாகவே நடந்துகொண்டார். வழக்குப் போடுவதா, இறக்குவதா, காணாததுபோல் கடந்துவிடுவதா என்பது அவர் பார்வையில் பட்ட உடுப்பைப் பொறுத்தது. வேட்டி கிழிந்த கூலிக்கும் காவிக்கும் ஒரே தீர்ப்புக் கிடைத்திருக்கும் என்று நம்பக் காரணமில்லை.

இன்று நடப்பில் இருப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம். பலர் நினைப்பதைவிட அது நிதானமானது. ஏமாற்றும் நோக்கத்தோடு சீட்டில்லாமல் போவதை 137ஆம் பிரிவு குற்றமாக்குகிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், தக்க காரணம் இல்லாவிட்டால் 500 ரூபாய்க்குக் குறையக் கூடாது. நோக்கம் பற்றிய கேள்வி இல்லாத இடத்தில் வருவது 138. அங்கே வழக்கமான கட்டணத்தோடு, அதே அளவு தொகை அல்லது 250 ரூபாய், எது கூடுதலோ அது மிகைக் கட்டணமாகச் சேரும். 2004 வரை இந்தக் குறைந்தபட்சம் 50 ரூபாயாக இருந்தது. கட்ட மறுத்தால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அவர் பத்து நாளுக்குக் குறையாமல் ஒரு மாதம் வரை சிறை விதிக்க முடியும்.

உள்ளே ஒரு நுட்பம் இருக்கிறது. ஏறிய ஊர் எது என்பதில் சந்தேகம் வந்தால், ரயில் கிளம்பிய ஊரிலிருந்தோ, கடைசியாகச் சீட்டுச் சோதனை நடந்த இடத்திலிருந்தோ கட்டணம் கணக்கிடப்படும். ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரத்துக்குச் சாதாரணக் கட்டணம் ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிடும் காசுதான். சென்னையிலிருந்து வரும் எக்ஸ்பிரஸில் ராமநாதபுரத்தில் அவசரமாக ஏறியவர், அங்கேதான் ஏறினேன் என்று டி.டி.ஆரை நம்பவைக்க முடியாமல், இடையில் சோதனையும் நடக்காமல் இருந்தால், சென்னையிலிருந்தே கட்டவேண்டி வரும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முன்பதிவில்லாச் சீட்டு ஜன்னலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் கற்பனை இல்லை. சட்டம் இதற்கும் ஒரு வாசல் வைத்திருக்கிறது. 55ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற ஊழியரிடம் முதலிலேயே சொல்லி அனுமதி வாங்கி ஏறினால், பிறகு கட்டணம் செலுத்தும் நிபந்தனையோடு அவர் சான்று தரலாம். கார்டையோ டி.டி.ஆரையோ தேடிப் போய்ச் சொல்வதற்கும், அவர் தேடி வந்து பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் சட்டப்படியே பெரியது. 139ஆம் பிரிவு இறக்கிவிடும் அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் ஆண் துணையில்லாத பெண்ணையோ குழந்தையையோ அவர் ஏறிய நிலையம், சந்திப்பு, கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் இவற்றில் ஒன்றில், அதுவும் பகலில் மட்டுமே இறக்கலாம். உச்சிப்புளி போன்ற சிறு நிலையத்தில் இரவில் ஒரு பெண்ணை இறக்கிவிட்டுப் போக எவருக்கும் உரிமை இல்லை. இந்த விதி ஒவ்வொரு பெட்டியிலும் எழுதி ஒட்டப்பட வேண்டியது. ஒட்டப்படுவதென்னவோ அபராதத் தொகைதான்.

சிக்கல் வேறு பிரிவில் இருக்கிறது. ‘பயணி’ யார் என்பதற்கு அச்சட்டத்தின் 2(29) தரும் வரையறை: செல்லத்தக்க பாஸோ சீட்டோ வைத்துப் பயணம் செய்பவர். ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தால் இழப்பீடு தரும் 124ஏ பிரிவும் சீட்டு வாங்கியவரையே பேசுகிறது. உடலோடு சீட்டு கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் தள்ளுபடியான மனுக்கள் பல. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எங்கே விழுந்திருக்கும் என்று யாரால் காட்ட முடியும்? 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வரையறை போட்டது. சீட்டு கிடைக்காதது ஒன்றே கோரிக்கையைத் தோற்கடிக்காது; குடும்பத்தார் உரிய விவரங்களோடு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால் மெய்ப்பிக்கும் சுமை ரயில்வேக்கு மாறும்; அதே நேரம் தண்டவாளத்தருகே உடல் கிடந்தது என்பது மட்டும் போதாது. 2023இல் கரூர்ப் பக்கத்திலிருந்து போன ஒரு மேல்முறையீட்டிலும் இதே நெறிதான் பின்பற்றப்பட்டது.

காசு கொடுக்காதவருக்குக் காசு கொடுத்தவர்களின் பணத்தில் இழப்பீடா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பதினைந்து ரூபாய் பாக்கிக்குத் தண்டனை என்ன என்பதை 138 ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது: அதிகபட்சம் ஒரு மாதச் சிறை. அதே பாக்கிக்காக எட்டு லட்சம் ரூபாய் உரிமையை அவர் பிள்ளைகளிடமிருந்து பறிப்பது, சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத இரண்டாவது தண்டனை. அதைச் சுமப்பவர்கள் ரயிலில் ஏறாதவர்கள். 2018 தீர்ப்பும் இந்த இடம்வரை வரவில்லை. தொலைந்த சீட்டை அது மன்னிக்கிறது. எடுக்கப்படாத சீட்டை மன்னிக்கவில்லை. 2(29)ஐ வசூலுக்கான பிரிவுகளோடு நிறுத்திக்கொண்டு, இழப்பீட்டுக்கு ‘ரயிலில் இருந்தவர்’ என்ற தனி வரையறை வகுப்பதற்கு ஒரு சிறு திருத்தம் போதும்.

பாம்பன் நீரிணை மேல் 2022 டிசம்பரில் நின்ற ரயில், 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்தபின் மறுபடி ஓடுகிறது. காற்றின் வேகம் வரம்பைத் தாண்டினால் பாலத்தில் ரயிலை அனுமதிப்பதில்லை. முன்பதிவுப் பெட்டியில் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. முன்பதிவில்லாப் பெட்டியில் உள்ளவர் பெயரோ எண்ணிக்கையோ எங்கும் இல்லை. அந்தச் சீட்டில் பெயர் அச்சாவதும் இல்லை. அப்பெட்டியில் போய் இறந்தவருக்காகத் தங்கச்சிமடத்துக் குடும்பம் ஒன்று இழப்பீடு கேட்க வேண்டுமானால், விபத்து நடந்த ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாய அமர்வில் மனுப் போட வேண்டும். அவர் அந்த ரயிலில்தான் போனார் என்பதற்கு அவர்கள் கையில் இருக்கக்கூடியது, ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டவரின் வாக்குமூலம்.