ஒரு நிமிடச் சோதனை பிறந்த கதை

நாகலூரில் காப்பி பறிக்கும் பெண் ஒருவருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை செய்வதாக வைத்துக்கொள்வோம். பாப் ஸ்மியர் என்றால், கருப்பை வாயிலிருந்து வழித்தெடுத்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். அதைப் பார்த்துச் சொல்லப் படித்தவர் ஒருவர் வேண்டும். முடிவு வந்தபின் அந்தப் பெண்ணை மறுபடி வரச்சொல்ல வேண்டும். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள்; இறங்கி ஏறினால் ஒருநாள் கூலி போச்சு. ‘எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே’ என்று அடுத்த முறை வராமல் இருந்துவிடுவது எவ்வளவு சுலபம்!

வினிகர் சோதனை இப்படிப்பட்ட ஊர்களுக்காகவே வளர்ந்தது. செவிலியர் ஸ்பெகுலம் வைத்து, வினிகரின் அமிலம் கலந்த நீரில் நனைத்த பஞ்சால் கருப்பை வாயைத் தொட்டுவிட்டு ஒரு நிமிடம் பொறுப்பார். கெடத் தொடங்கிய செல்களில் புரதம் நெருக்கமாக இருக்கும். அமிலம் பட்டதும் அந்த இடம் திட்டாக வெளுக்கும். விளக்கு வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

சிலருக்கு அயோடினும் தடவுவார்கள். இது வியன்னாவின் வால்ட்டர் ஷில்லர் தந்த முறை. நல்ல செல்களில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு உண்டு; அயோடின் பட்டால் கரும்பழுப்பாகும். கெட்ட செல்களில் அது இல்லாததால் மஞ்சளாகவே நிற்கும்.

இந்தக் கிளைக்கோஜனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பெண்ணுறுப்பில் குடியிருக்கும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல நுண்ணுயிரிகளுக்குத் தீனி அதுதான். அவை லாக்டிக் அமிலம் சுரந்து, கேடு செய்யும் கிருமிகளை அண்டவிடாமல் வைக்கின்றன. ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் 1892-லேயே இவற்றை விவரித்துவிட்டார். இவை குறைந்து வேறு கிருமிகள் பெருகிய பெண்களிடம், புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் எளிதில் விலகாமல் தங்குவதை ஆய்வுகள் காண்கின்றன. எது காரணம், எது விளைவு என்பது இன்னும் தீரவில்லை. ஆனால் சோப்பும் கிருமிநாசினியும் விட்டு உள்ளே கழுவுவது இந்தக் காவலைக் கலைக்கும் என்பதில் சந்தேகமில்லை. வினிகரும் அப்படியே: அது செவிலியர் கையில் சோதனைக்கு மட்டும், வீட்டில் கழுவ அல்ல.

வெளுப்பதைக் கண்டால் போதுமா, உயிர் பிழைக்குமா? இந்தக் கேள்விக்கு விடை திண்டுக்கல் மாவட்டத்தில் கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த டாக்டர் ஆர். சங்கரநாராயணன், அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையத்தினர், அடையாறு புற்றுநோய் நிறுவனத்தினர் முதலானோர் 2000-இல் பணியைத் தொடங்கினர். 30 முதல் 59 வயதுவரையுள்ள 31,343 கிராமத்துப் பெண்களைச் சோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். தேவைப்பட்டவர்களில் பலருக்கு அன்றே, அதே இடத்தில், அந்தத் திட்டை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையும் கிடைத்தது. சோதனை நடக்காத ஊர்களோடு ஒப்பிட்டால் நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த சோதனைக்கு இவ்வளவு பலன்! 2007-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

அதே ஆண்டில் தமிழக அரசு இந்தச் சோதனையைத் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. 2021 முதல் உலக சுகாதார நிறுவனம் ஹெச்.பி.வி. டிஎன்ஏ சோதனையையே முதலில் பரிந்துரைக்கிறது. அது நுட்பமானது, வரவேண்டியதுதான். அது வரும்வரை வினிகரைக் குறைத்து மதிக்கக் கூடாது.

முப்பது தாண்டிய அக்கா, தங்கைகளே, வலியில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த நோய் முதலில் வலிக்காது. உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, தீட்டு முற்றிலும் நின்றுபோன வயதில் திரும்ப ரத்தம் வந்தாலோ, நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ சோதனை முகாமுக்காகக் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். அங்கே இதற்குக் காசில்லை.